ஆத்துத் திருக்கை: கேள்வி கேளுங்க, பதில் சொல்றேன்

நான் மண்டபம் பக்கம், மீன்வளம் படிச்சவன். நம்ம கடல் திருக்கைய எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆத்துலயே பொறந்து ஆத்துலயே சாகுற திருக்கை பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

தொண்டி தம்பி: அண்ணே, வைகை கடல்ல சேர்ற ஆற்றங்கரைல கெடைக்குறதும் ஆத்துத் திருக்கைதானா?

இல்லப்பா, அது கடல் திருக்கை, முகத்துவாரத்துக்கு எரை தேடி வந்துட்டுப் போயிரும். நான் சொல்றது அமேசான், ஓரினோகோ, பரானா ஆறுகள்ல இருக்குறது, 30 வகைக்கு மேல இருக்கு. அதோட மூதாதையும் கடல்ல இருந்ததுதான், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி உள்ள வந்து அங்கயே தங்கிருச்சு.

கீழக்கரை: காக்கா, அத கொண்டாந்து நம்ம கடல்ல விட்டா பொழைக்குமா?

பொழைக்காது. திருக்கைய ஐஸ் போடாம வச்சிருந்தா மூக்கப் பொத்துற மாதிரி ஒரு மூத்திர வாடை வரும்ல, அது சதைல இருக்குற யூரியா அம்மோனியாவா மாறுற வாடை. கடல் திருக்கை யூரியாவ வெளிய தள்ளாம ரத்தத்துலயும் சதைலயும் சேத்து வச்சுக்கும், அதனாலதான் சுத்தி அவ்வளவு உப்பு இருந்தும் உடம்புத் தண்ணி வெளிய போகாது, மிச்ச உப்பத் தள்ள மலக்குடல் பக்கம் ஒரு சுரப்பியே தனியா இருக்கு. ஆத்துல கதையே தலைகீழ், தண்ணி உடம்புக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கும், அத மூத்திரமா கொட்டிக்கிட்டே இருக்கணும். அமேசான் திருக்கை யூரியா சேக்குறதையே விட்டுருச்சு, அந்தச் சுரப்பியும் சுருங்கிப் போச்சு, இப்ப உப்புத் தண்ணில விட்டாலும் பழையபடி சேக்க வராது. ஆனா ஃப்ளோரிடால செயின்ட் ஜான்ஸ் ஆத்துல ஒரு திருக்கை நல்ல தண்ணிலயே குட்டி போட்டு வாழுது, அது யூரியாவ முழுசா விடல, கடல் தண்ணிலயும் பொழைக்கும். இத எத்தன தடவ படிச்சாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கல.

பாம்பன்: மச்சான், 300 கிலோ திருக்கைன்னு ஒரு வீடியோ சுத்துதே, நெசமா?

நெசம்தான். 2022 ஜூன்ல கம்போடியால மீகாங் ஆத்துல மாட்டுச்சு, நீளம் கிட்டத்தட்ட 4 மீட்டர். கருவி ஒண்ணு மாட்டி உசுரோட விட்டுட்டாங்க. அது அமேசான் வகை இல்ல, வேற குடும்பம்.

ஏர்வாடி: அண்ணே, அதுக்கும் முள்ளு உண்டா? வெஷமா?

உண்டு, வெஷம்தான். வால்ல ரம்பம் மாதிரி பல்லு வச்ச முள்ளு, மேல ஒரு தோல் உறை. கடல் திருக்கைக்கு வெஷம் சுரக்குற செல்லு பெரும்பாலும் முள்ளுல ஓடுற பள்ளத்துலதான், ஆத்துத் திருக்கைக்கு முள்ளு மேல தோல் பூரா பரவியிருக்கு, அதனால புண்ணு மோசமா அழுகும். எந்தத் திருக்கை குத்துனாலும் பொறுக்குற சூட்டுல வெந்நில ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முக்கி வைங்க, வலி நல்லா கொறையும், ஆனா சூட்ட அடிபடாத கைய விட்டுப் பாத்துக்குங்க, குத்துன எடம் மரத்திருக்கும். அப்புறம் கண்டிப்பா ஆஸ்பத்திரி போங்க. நெஞ்சுலயோ வயித்துலயோ முள்ளு எறங்கியிருந்தா புடுங்கவே கூடாது, அப்படியே தூக்கிட்டு ஓடணும். எறங்கி நடக்கையில கால எடுத்து வைக்காம மணல்ல தேச்சுக்கிட்டே போனா அதுவே வெலகிரும்.

தேவிபட்டினம் அக்கா: தம்பி, முட்டையா குட்டியா?

குட்டிதான் அக்கா. வயித்துக்குள்ள மொதல்ல முட்டையோட மஞ்சக்கருவ வச்சு வளரும், அது தீந்ததும் தாயோட கர்ப்பப்பைச் சுவருல இருக்குற மெல்லிசான விரல் மாதிரி நீட்டங்கள்ல இருந்து கொழுப்பும் புரதமும் நெறஞ்ச பால் சுரக்கும், அதக் குடிச்சே வளந்து, பொறக்கும்போதே தாய் மாதிரி முழு உருவத்தோட வெளிய வரும்.

ராமநாதபுரம்: தொட்டில வளக்கலாமா சார்?

சின்னதா இருக்கையில அழகா இருக்கும்னு வாங்கிராதீங்க, அரை மீட்டர் அகலத்துக்கு மேல வளரும், அதுக்கு ஏத்த தொட்டி வீட்டுல வைக்க முடியாது. சிங்கப்பூர்ல யாரோ விட்டது நீர்த்தேக்கத்துல குட்டி போட்டுப் பெருகிருச்சு. நம்ம கண்மாய்ல சனங்க வெறுங்காலோட எறங்குறாங்க, அதனால வளக்க முடியலன்னா வாங்குன கடையிலயே திருப்பிக் குடுங்க, தண்ணில மட்டும் விட்டுறாதீங்க.