கிட்னி கல்லுக்கு ஹோல்மியம் லேசரா, தூலியம் லேசரா?

சாட்ஸ்வொர்த்தில் மாமா ஒருவருக்கு டாக்டர் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட, எது நல்லது என்று குழம்பிவிட்டார். இரண்டுமே மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளியைப் பாய்ச்சி, கிட்னியிலோ சிறுநீர்க்குழாயிலோ இருக்கும் கல்லை உடைப்பவைதான். கல்லின் நுண்துளைகளில் உள்ள நீர் சட்டென்று கொதிக்க, பாப்கார்ன் மாதிரி கல் உள்ளிருந்தே வெடிக்கிறது. ஹோல்மியத்தின் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர், தூலியம் இழை லேசருக்கு 1,940. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே நீர் தூலியம் ஒளியை ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் உறிஞ்சுவதால், குறைந்த ஆற்றலிலேயே கல் மாவாகும். மசாலா இடிக்கிற கணக்கில் சொன்னால் ஹோல்மியம் உலக்கை, துண்டும் வரும் தூளும் வரும், தூலியம் மிக்சி. அதற்காக 1990களிலிருந்து கைபழகிய ஹோல்மியத்தைப் பழசு என்று நான் ஒதுக்க மாட்டேன், பிடிக்கிற கையும் முக்கியம். அப்புறம், லேசரை வயிற்றுக்கு வெளியிலிருந்தே அடிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது அதிர்வலை சிகிச்சை, லேசருக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டு உள்ளே போகவேண்டும்.