கட்டைப் பெடியனுக்குப் பந்து வராதா? – உதைபந்தாட்டக் கேள்வி பதில்

திருகோணமலையில் முப்பது வருசமாகப் பெடியங்களுக்குப் பந்து பழக்கி வருகிறேன். போன கிழமை ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடிந்து பூட்ஸ் கழற்றும்போது ஒரு வாக்குவாதம் தொடங்கியது: பெரிய ஆட்டக்காரன் பிறப்பதா, உருவாக்கப்படுவதா, இல்லை உடம்புதான் எல்லாமா? இருட்டியும் ஓயவில்லை. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் நிறைய. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஏ.எல். படிக்கும் தம்பி: சேர், மெஸ்ஸி பிறவித் திறமை, ரொனால்டோ உழைப்பு எண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்க. நீங்க எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை, தம்பி. அந்தக் கோடு கிழித்ததே பிழை. மெஸ்ஸிக்குச் சின்ன வயதில் வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடு. இரவில் தன் காலில் தானே ஊசி குத்திக்கொண்டு வளர்ந்த பிள்ளை. 2000ஆம் ஆண்டில், 13 வயதில், ஆர்ஜென்டினாவின் ரொசாரியோவை விட்டு பார்சிலோனாவுக்குப் போனார். அந்த வயதில் நம்முடைய பெடியங்களைக் கொழும்புக்கு அனுப்பவே தாய்மார் அழுவார்கள். இதெல்லாம் உழைப்புக் கணக்கில் சேராதா?

மற்றப் பக்கம் பாருங்கள். ரொனால்டோ 2003இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது 18 வயது. ஒல்லிப் பெடியன், தேவைக்கு மேல் கால் வித்தை. இன்று நாம் காணும் உடம்பு பிறகு கட்டியது, அது சரி. ஆனால் 2019 டிசம்பரில் இத்தாலியின் சம்ப்டோரியா அணிக்கு எதிராக 34 வயதில் எழும்பி, 2.56 மீற்றர் உயரத்தில் தலையால் அடித்தாரே, அந்தத் துள்ளும் கால் எந்த ஜிம்மிலும் விலைக்கு வராது.

ரொனால்டோவின் உழைப்பு சட்டையைக் கழற்றினால் தெரிகிறது. மெஸ்ஸியின் உழைப்பு பாதத்தில் இருக்கிறது, அதைப் படம் பிடிக்க ஏலாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

திருக்கடலூரிலிருந்து ஒரு தாய்: மாஸ்டர், என்ட மகனுக்கு 13 வயசு, ஆள் கட்டை. டீமுக்கு எப்பவும் பெரிய பெடியங்களைத்தான் எடுக்கினம். படிப்பை மட்டும் பாரெண்டு சொல்லட்டா?

படிக்கட்டும், விளையாடவும் விடுங்கள் தங்கச்சி. 13 வயது என்பது ஏமாற்று வயது. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது. எலும்பு வளர்ச்சியை எடுத்தால் இருவருக்கும் இரண்டு மூன்று வருச இடைவெளி வரலாம். போதாததற்கு ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவு. உலகம் முழுக்க இளையோர் அணிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம். கடவுள் ஜனவரியில் மட்டும் திறமையைப் பங்கிடுவதில்லை. தெரிவு செய்கிறவர்கள் உயரத்தைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம்.

'எண்ணிவிடுகிறோம்' என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருசத்துக்கு முன் 14 வயதுப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது ஒரு நோஞ்சான் பெடியனைத் திருப்பி அனுப்பினேன். பந்து அவனிடம் வருமுன் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பான். பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். அடுத்த வருசம் அவன் மைதானப் பக்கமே வரவில்லை.

மகனிடம் நடுக்கள ஆட்டக்காரர் கான்டேயைப் பற்றிச் சொல்லுங்கள். 168 சென்ரிமீற்றர். பிரான்சின் கீழ்ப் பிரிவுகளில் ஓடிக்கொண்டிருந்தவர், 2015இல் இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்கு வந்தார், 2016இல் பிரீமியர் லீக் பட்டம், 2018இல் பிரான்சோடு உலகக் கிண்ணம். அதே 2018இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது வாங்கிய குரோஷியாவின் மொட்ரிச் 172தான். கட்டையாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. இடித்துத் தள்ள ஏலாதவன் வேறு வழி தேடியே ஆக வேண்டும். பெரியவனுக்கு அந்த அவசியம் 17 வயதில்தான் வரும், அப்போது பிந்திவிடும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: பத்தாயிரம் மணித்தியாலம் பயிற்சி செஞ்சா யாரும் மெஸ்ஸி ஆகலாமாம். உண்மையா சேர்?

அந்தக் கணக்கின் ஊற்று 1993இல் உளவியலாளர் எரிக்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் போட்ட பயிற்சியின் சராசரி அது. சராசரியை வாக்குறுதியாக்கியது பிறகு வந்தவர்கள்.

ஒரு நாளும் தவறாமல் இரண்டு மணித்தியாலம் ஆடினாலும் பத்தாயிரத்துக்குப் பதின்மூன்று வருசத்துக்கு மேல் வேண்டும். அப்படியே ஆடினாலும் காளை குதிரையாகாது. வெட்டி ஓடும் வேகம் பெரும்பாலும் தாய் தகப்பன் தந்த தசை. மூச்சுப் பிடித்து ஓடும் பலம் அப்படியில்லை, பழக்கத்தால் நன்றாகவே கூடும். அதோடு எந்த மணித்தியாலம் என்பதும் இருக்கிறது. கூம்பு வைத்து வரிசையில் நின்று முறைக்குக் காத்திருந்த நேரத்தையும் சில பேர் பயிற்சி என்று எண்ணுகிறார்கள்.

சல்லியிலிருந்து ஒரு அண்ணை: எங்கட பெடியள் கடற்கரை மணல்லதான் விளையாடுறாங்கள். கால் பலம் வரும், அது போதும்தானே?

கால் பலம் வரும். கரைவலை இழுக்கிறவர்களின் கெண்டைக்காலைப் பார்த்தவனுக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் மணலில் பந்து உருளாது, தூக்கித்தான் ஆட வேண்டும். ஆகாயப் பந்தை அடக்கப் பழகுவார்கள், தரையோடு வரும் பாஸை வாங்கத் தடுமாறுவார்கள். கிழமைக்கு இரண்டு நாளாவது கட்டாந்தரையில் விடுங்கள்.

அதே அண்ணை: உடம்பு சரியா அமையாதவன் பெரிய ஆட்டக்காரனா வந்திருக்கிறானா?

பிரேசிலின் கரிஞ்சா! இரண்டு காலும் வளைவு, ஒன்று மற்றதை விடக் குட்டை. 1962 உலகக் கிண்ணத்தில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயப்பட்டுப் போக, பிரேசிலைத் தூக்கிக்கொண்டு போனது அந்தக் கோணல் கால்தான். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. உடம்பின் குறை ஆயுதமான கதை இது. குடி அவரை 1983இல், 49 வயதில் கொண்டுபோனது.

ஹங்கேரியின் புஷ்காஷ் இன்னொருவர். அடிப்பது இடது காலால் மட்டும், தொப்பை வேறு. 1960 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் ஃபிராங்பேர்ட்டுக்கு எதிராக ரியல் மட்ரிட் 7-3. அதில் நான்கு அவர் அடித்தது, வயது 33. இன்றைய ஆட்டக்காரர் ஒரு மட்சில் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறார், அந்தத் தொப்பையோடு இன்று தாக்குப்பிடிக்க ஏலாது. குறைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு மாணவி: சேர், பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதானா?

பிரேசிலின் மார்த்தாவைப் பார் மகள். 162 சென்ரிமீற்றர். உலகக் கிண்ண ஆட்டங்களில் 17 கோல், 2022 உலகக் கிண்ணம் வரை எந்த ஆணும் அவ்வளவு அடித்ததில்லை. உயரம் வேண்டிய ஆட்டமும் இருக்கிறது: நம்முடைய தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் 208 சென்ரிமீற்றர். உயரம் பிறவி, ஆனால் எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுவது பிறவியில்லை. ஒன்று கவனம்: பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் சவ்வு கிழியும் ஆபத்து கூட. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கப் பழகு. இதைப் பந்துக்கு முன் பழகு.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தம்பி: கச்சான் காத்து நேரம் மத்தியானத்தில ஓடினா ஸ்டாமினா கூடுமா?

மயக்கம் கூடும். விடிய ஏழு மணிக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின்.

மூதூரிலிருந்து ஒரு இளம் பயிற்றுநர்: அப்ப எதைத்தான் சேர் பழக்கிறது?

கண்ணை. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவரின் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம். மிச்ச நேரம் முழுக்கப் பார்வைதான் வேலை செய்கிறது. நோர்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்தின் லீக் ஆட்டக்காரர்களைப் படம் பிடித்துப் பார்த்தார். பந்து வருமுன் அடிக்கடி தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போகிறது. பார்சிலோனாவில் ஆடிய 170 சென்ரிமீற்றர் நடுக்கள ஆட்டக்காரர் சாவி இதில் பேர்போனவர். ஓடாமல் நடக்கிறார் என்று மெஸ்ஸியைத் திட்டுகிறார்களே, அந்த நடையும் பார்வைதான்.

நான் திருப்பி அனுப்பிய பெடியன் எதற்காகத் திரும்பிப் பார்த்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பயிற்சி சுலபம். ஒருவன் பந்தை வாங்கப் போகும்போது அவனுக்குப் பின்னால் நிற்பவன் விரல்களை உயர்த்த வேண்டும். பந்து காலைத் தொடுமுன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். பிந்திச் சொன்னால் பந்து மற்ற அணிக்கு. முதல் கிழமை எல்லோரும் திட்டுவார்கள். இதோடு, பயிற்றுநர் இல்லாமல் ஒழுங்கையில் அவர்களே ஆடும் ஆட்டத்தைக் குழப்பாதீர்கள். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சைக்கிள், நடுவில் நாய். அதற்குள் வழி கண்டுபிடிக்கிறவனை ஆறு வருசம் கழித்துப் பார்த்து "பிறவித் திறமை" என்று சொல்வோம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் மாஸ்டர் பெரிய ஆட்டக்காரன் ஆகயில்லை?

வேகம் இல்லை. பார்வை வந்தபோது முழங்கால் போயிருந்தது. தலையடி மட்டும் நன்றாக அடிப்பேன், அந்தக் காலத்தில் ஊரில் உயரம் நான்தான்.