கண்ணிவெடியில் போன பாதம்: பதிவேட்டில் அது ஏன் போர்க்காயம் ஆகவில்லை?

கேள்வி: என் அப்பா மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து 2011-ல் ஓய்வு பெற்றார். 2002 பிப்ரவரியில், ஆபரேஷன் பராக்ரம் நடந்தபோது, ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கையில் ஒன்று வெடித்து, இடது பாதத்தின் முன்பகுதியை இழந்தார். அதன் பிறகும் இலகுவான பணியில் படையிலேயே வைத்திருந்தார்கள். மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்றும், ‘ராணுவப் பணியால் நேர்ந்தது’ என்றும் எழுதியிருக்கிறது. ஊன ஓய்வூதியம் வருகிறது. போர்க்காய ஓய்வூதியம் கேட்டபோது, ‘விபத்துக் காயம்’ என்று பதிவாகியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் 15,000 ரூபாய், நிலுவை வந்ததும் அதில் 30 சதவீதம் வேண்டுமாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தின் கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகிய நான்கும் உங்கள் அப்பாவின் கையை விட்டுப் போகக்கூடாது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் காயத்தைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் ஒரு குழப்பம் தெரிகிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இருக்கும் குழப்பம்தான். ‘ராணுவப் பணியால் நேர்ந்தது’ என்று மருத்துவக் குழு எழுதிவிட்டால் அதுவே போர்க்காயம் என்று நினைக்கிறீர்கள். அது வேறு, இது வேறு. காயம் எந்த அளவு, பணியோடு அதற்குத் தொடர்பு உண்டா என்பதை மருத்துவர்கள் சொல்வார்கள். அது எந்த வகைக் காயம் என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. ‘பேட்டில் கேஷுவல்டி’யா (போரில் பாதிக்கப்பட்டவர்), ‘பிசிகல் கேஷுவல்டி’யா (போரல்லாத காரணத்தால் பாதிக்கப்பட்டவர்) என்று முதலில் எழுதி அனுப்புவது யூனிட். அதன் அடிப்படையில் வெளிவரும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது படைவீரரின் பணி விவரங்களைப் பதியும் ஆணையில், உள்ள ஒரே ஒரு வரிதான் உங்கள் அப்பாவின் ஓய்வூதியத்தை இன்றுவரை ஆண்டுகொண்டிருக்கிறது. மருத்துவக் குழுவோடு உங்களுக்குச் சண்டையே இல்லை. திருத்த வேண்டியது அந்த வரியை.

அந்த ஒரு வரியின் விலை என்ன? படையில் தொடர்ந்து பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு, 100 சதவீத ஊனம் என்றால், ஊனக் கூறு (ஓய்வூதியத்தில் ஊனத்துக்காகச் சேரும் பகுதி) கடைசி ஊதியக் கணக்கில் 30 சதவீதம். அதே ஊனம் போர்க்காயமாக இருந்தால் 60 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. கணக்குக்கு எளிதாக ஊதியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 சதவீத ஊனத்துக்கு 1,200 ரூபாய் கிடைக்கிற இடத்தில் 2,400 கிடைத்திருக்கும். (40 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது உங்கள் அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறதா என்று பி.பி.ஓ.வைப் பாருங்கள்.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘எதிரி சுடவில்லை, நம்முடைய கண்ணியே வெடித்தது, ஆகவே விபத்து’ என்பதுதான் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணமாக இருக்கும். படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 அன்று வெளியிட்ட ஓய்வூதியக் கடிதம் இறப்பையும் ஊனத்தையும் ‘ஏ’ (A) முதல் ‘இ’ (E) வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 1996 ஜனவரி 1 அன்று பணியில் இருந்தவர்களுக்கும் அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கும் அது பொருந்தும். அதில் ‘இ’ வகைதான் போர்க்காயம். அந்த வகைக்குள் அந்நிய நாட்டோடு நடக்கும் போர் மட்டும் இல்லை. கண்ணி புதைத்தலும் கண்ணி அகற்றலும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. போர்த் தேவைக்காகக் கண்ணி வயல் அமைக்கும்போது தற்செயலாக ஏற்படும் வெடிப்பு என்றும் தனியாக எழுதியிருக்கிறார்கள். தற்செயல் என்ற சொல் விதிக்குள்ளேயே இருக்கிறது! அப்படியிருக்க, தற்செயல் என்பதையே காரணமாகக் காட்டி ஒரு சேப்பரைத் திருப்பி அனுப்புவது, விதியைப் படிக்காமல் செய்த வேலை.

இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. 2003-ஆம் ஆண்டின் முதலாம் ராணுவ ஆணை, கண்ணிவெடி, பொறிவெடி, முள்கம்பி போன்று எதிரிக்கு எதிராக அமைத்த தடைகளால் வரும் காயத்தைப் போர்க்காயமாகவே கொள்ளச் சொல்கிறது. அருகில் எதிரி இருந்திருக்க வேண்டியதில்லை. கண்ணியைப் புதைத்தது நம் ஆளா, எதிரியா என்பதும் பொருட்டில்லை. நிபந்தனைகள் மூன்று: காயம்பட்டவர் பணியில் இருந்திருக்க வேண்டும், தவறு அவர் மேல் இருக்கக்கூடாது, ராணுவ நடவடிக்கைக் காலத்துக்குள் நேர்ந்திருக்க வேண்டும். பயிற்சிக்காக வைத்த வெடிக்கு இந்தப் பத்தி பொருந்தாது. உங்கள் அப்பா பயிற்சியில் இல்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படை எல்லைக்கு நகர்ந்தபோது கண்ணி புதைத்தவர். ‘அந்த ஆணை 2003-ல் வந்தது, காயம் 2002-ல்’ என்று யாராவது சொல்லக்கூடும். அதனால்தான் மனுவில் 2001 கடிதத்தை முன்னால் வையுங்கள், ராணுவ ஆணையைத் துணைக்கு வையுங்கள் என்கிறேன். மாற்றி வைத்தால் தேவையில்லாத ஒரு சுற்று அலைச்சல்.

‘தவறு அவர் மேல் இல்லை’ என்பது எங்கே எழுதியிருக்கும்? கோர்ட் ஆஃப் என்கொயரி எனப்படும் விசாரணையின் இறுதிக் கருத்தில். அதைப் பார்க்காமல் எந்த மனுவும் எழுதாதீர்கள். ஆகவே முதல் வேலை தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய். பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப் (மெட்ராஸ் சேப்பர்ஸின் முறையான பெயர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, உங்கள் அப்பாவே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மகள் கேட்டால் மூன்றாம் நபர் என்று ஒதுக்கிவிடுவார்கள். கேட்க வேண்டியவை: காயம் குறித்த பார்ட் டூ ஆர்டர், யூனிட் முதலில் அனுப்பிய கேஷுவல்டி அறிக்கை, காய அறிக்கை, விசாரணையின் கண்டறிதலும் கருத்தும், ராணுவ மருத்துவமனை ஆவணங்கள், ஓய்வுக்கால மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வீட்டுப் பெட்டியையும் தேடுங்கள். அன்றைய மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மைன் பிளாஸ்ட்’ என்று ஒரு வரி இருந்தால், பின்னாளில் தயாரித்த எந்தச் சான்றைவிடவும் அது பெரிது. கூடப் பணியாற்றியவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களும் உதவும். ஆனால் அவை இரண்டாம் வரிசைச் சான்றுகளே. இருபது ஆண்டு கழித்து எழுதிய சாட்சியத்துக்கு இருக்கும் மதிப்பு, சம்பவ வாரத்தில் எழுதிய துண்டுக் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பில் பாதிகூட வராது.

ஆவணங்கள் வந்தபின், ரெக்கார்ட்ஸ் அலுவலகத் தலைமை அதிகாரிக்கு மனு. ஒரே பக்கம் போதும். சம்பவத் தேதி, இடம், செய்துகொண்டிருந்த பணி, விசாரணையின் கருத்து, 2001 கடிதத்தின் ‘இ’ வகை, இறுதியில் கோரிக்கை: காயத்தைப் போர்க்காயமாக மறுவகைப்படுத்தி, பார்ட் டூ ஆர்டரைத் திருத்தி, ஓய்வூதியத்தை மாற்றி வழங்குக. அந்த மனு தில்லியில் ராணுவத் தலைமையகம் வரை போய்த்தான் முடிவாகும். சாதகமாக முடிந்தால், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. வெளியிடும். மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்துவிட்டு முத்திரை வாங்காமல் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். மனு கொடுத்ததையே அவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை.

ஆறு மாதம் வரை பதில் இல்லை என்றாலோ, மறுத்தாலோ, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். மறுப்பு உத்தரவு வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டுக்குள். ‘இத்தனை ஆண்டு சும்மா இருந்தீர்களே’ என்று கேட்பார்கள். ஓய்வூதியக் குறைவு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் உரிமை அழிந்துவிடாது. நிலுவை மட்டும் பொதுவாக மூன்றாண்டுக்கு மேல் தரமாட்டார்கள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கையிலிருந்து போகிறது.

இந்த மூன்றாண்டு வரம்பை வைத்துத்தான் தரகர்கள் அவசரப்படுத்துகிறார்கள். இனி அந்த மனிதரிடம் வருவோம். வரப்போகும் ஓய்வூதியப் பணத்தில் பங்கு தருவதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. அவர் வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டால், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகளும் தடை செய்திருக்கின்றன. எழுதாத வெள்ளைத் தாளிலோ, வெற்று வக்காலத்திலோ அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்றையும் இவர்கள் செய்கிறார்கள். ஏதாவது செய்ததாகக் காட்ட, ஊன சதவீதத்தை உயர்த்தக் கோரி மறு மருத்துவக் குழுவுக்கு மனுப் போட வைக்கிறார்கள். உங்கள் அப்பாவின் 40 சதவீதம், அவராக மறுபரிசீலனை கேட்காதவரை இறுதியானது. கேட்டுவிட்டால், குழு குறைக்கவும் செய்யலாம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இப்போது வருவதும் போய்விடும். இருந்ததை இழந்துவிட்டு வந்து நின்ற ஒரு நாயக்கின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

உதவி வேண்டுமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே பணம் கேட்கமாட்டார்கள். வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மாற்றுத்திறனாளி என்ற தகுதியிலேயே உங்கள் அப்பாவுக்கு இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தீர்ப்பாயத்தில் வென்றாலும் அரசு மேல்முறையீடு செய்யக்கூடும். கட்டுப்பாட்டுக் கோட்டில் கடும் குளிரில் ரோந்து போய் இறந்த ஒரு படைவீரரைப் ‘பேட்டில் கேஷுவல்டி’ என்று முதலில் எழுதி, பிறகு ‘பிசிகல் கேஷுவல்டி’ என்று மாற்றினார்கள். அவர் மனைவி தீர்ப்பாயத்தில் வென்ற பிறகும் அவரை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். 2024 டிசம்பரில் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அந்தப் பெண்ணை அங்கே இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, அவருக்கு 50,000 ரூபாய் செலவுத் தொகை கொடுக்க உத்தரவிட்டது. நாட்டுக்காக உடலைக் கொடுத்தவர் வீட்டுக்கு இப்படியா நன்றி சொல்வது?

இந்த வாரமே தகவல் விண்ணப்பத்தை அனுப்புங்கள். விசாரணை ஆவணம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். தவறு அவருடையதல்ல என்று இருந்தால், நான் சொன்ன ஒரு பக்க மனுவோடு நகலை இணைத்து அனுப்பலாம். கவனக்குறைவு என்று ஒரு சொல் இருந்தாலும், மனுவை நிறுத்திவிட்டு ஆவணத்தோடு வழக்கறிஞரிடம் போங்கள். முதலில் அந்தச் சொல்லைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கும்.