உயர்த்திய ஹைலக்ஸ் ஏன் நிற்க மறுக்கிறது?

கேள்வி: ஐயா, என்னிடம் 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது. முன்னுக்கும் லீஃப் ஸ்பிரிங் உள்ள எல்.என்.106. காலையில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுனுக்கு வருவேன், ஞாயிறுகளில் கூட்டாளிமாரோடு காட்டுப் பாதை. போன மாதம் நாலு ஸ்பிரிங்கையும் மாற்றி 3 அங்குலம் உயர்த்தினேன். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 போட்டேன். அதற்குப் பிறகு பெட்டியோடு வரும்போது பிரேக்கை மிதித்தால் மூக்குக் குத்துகிறது, வண்டி மட்டும் நிற்பதாகக் காணோம். உயர்த்தித் தந்த கராஜ்காரரே இப்போது பின்னுக்கும் டிஸ்க் போடவேணும், மூன்று இலட்சத்துக்கு மேல் வரும் என்கிறார். போடலாமா?
– குச்சவெளி வாசகர்

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். காசைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள்.

பின் அச்சுக்குக் கிட்ட, சேசிஸில் ஒரு வால்வு பூட்டியிருக்கும். அதிலிருந்து நீளமான கம்பி ஒன்று அச்சுக்கு இறங்கும். எல்.எஸ்.பி.வி. என்று சொன்னால் எந்த மெக்கானிக் பாஸுக்கும் விளங்கும். பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி பின் பிரேக்குக்கு அழுத்தத்தை அளந்துவிடுவது அதன் வேலை. பாரத்தை அது எப்படி அறிகிறது? சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான். பெட்டி ஏற்றினால் சேசிஸ் பதியும், கம்பி மேலே தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். வெறும் வண்டியென்றால் இடைவெளி கூடும், வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் வெறும் வண்டியில் பின் சில்லு இறுகி, வண்டி பக்கவாட்டில் சுற்றிவிடும்.

நீங்கள் 3 அங்குலம் உயர்த்தினீர்கள். அந்த வால்வுக்கு யாரும் சொல்லவில்லை. இருபது பெட்டி மீனை ஐஸோடு ஏற்றினாலும் அது 'வெறும் வண்டி' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. முன் பிரேக் மட்டும் தனியாக இழுக்கிறது, அதுதான் அந்த மூக்குக் குத்தல். நீங்கள் அனுப்பிய படத்திலேயே கம்பி கீழ்நோக்கி இழுபட்டு நிற்பது தெரிகிறது.

பரிகாரம் சின்னது. கம்பியின் அச்சுப் பக்க நுனி பூட்டியிருக்கும் பிராக்கெட்டை, வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயர்த்தவேண்டும். நல்ல வெல்டர் ஒருவர் தடித்த தகட்டில் செய்து தருவார். அதற்குமுன் வால்வின் கை அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் இது துருப்பிடித்து இறுகிப்போவது சாதாரணம். இறுகியிருந்தால் வால்வையே மாற்றவேண்டும். 'பைபாஸ் பண்ணிவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மழை நாளில் பெட்டி இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது தெரியும் அதன் விளைவு. பைப் கழற்றிப் பூட்டினால் காற்று எடுக்கவேண்டும். அந்த வால்வுக்கும் தனியாக ஒரு ப்ளீடர், அதாவது காற்று எடுக்கும் திருகு, உண்டு. நாலு சில்லிலும் எடுத்துவிட்டு அதை மறக்கிறவர்கள் நிறையப் பேர், பிறகு பெடல் பஞ்சுபோல இருக்கிறதென்று மாஸ்டர் சிலிண்டரைக் குற்றம் சொல்வார்கள்.

அடுத்தது ஹோஸ். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னுடைய ஜீப்பை டவுனில் ஒரு கராஜில் உயர்த்தினேன். தரையில் நிற்கும்போது எல்லாம் அழகாக இருந்தது. கன்னியாப் பக்கம் ஒரு கல்லுப் பள்ளத்தில் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கியபோது இறங்கிப் பார்த்தேன்: முன் பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல விறைத்து, பைப்போடு சேரும் இடத்தில் றப்பர் வெள்ளையாக வெடித்திருந்தது. இன்னும் ஒரு அங்குலம் சில்லு இறங்கியிருந்தால் நான் பிரேக்கில்லாமல்தான் வீடு வந்திருப்பேன்.

அதனால் சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தொங்கவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் திருப்பட்டும். நீங்கள் முன் ஹோஸ் இரண்டையும், பின்னால் நடுவில் அச்சுக்கு இறங்கும் ஹோஸையும் பாருங்கள். எந்த நிலையிலும் கொஞ்சம் தளர்வு இருக்கவேண்டும், டயரில் உரசவும் கூடாது. ஷொக் அப்சோபரையும் அப்போதே பாருங்கள். பழைய நீளத்திலேயே இருந்தால், தொங்கும் அச்சின் பாரம் முழுவதையும் அதுதான் தாங்கிக்கொண்டிருக்கும், சீக்கிரம் கிழியும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் பாவித்த பிரேக் கலிப்பர் வாங்கலாம், பிஸ்டனில் துரு இல்லையென்றால் பிழையில்லை. ஹோஸை மட்டும் எந்த விலைக்கும் பாவித்ததாக வாங்கவேண்டாம்.

டயர் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 31இலிருந்து 33க்குப் போனால் சில்லின் ஆரை ஏறக்குறைய நூற்றுக்கு 6 கூடுகிறது. அதே பிரேக், அதே மிதி, ஆனால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை நூற்றுக்கு 6 குறைகிறது. டயரின் பாரமும் கூடியிருக்கும். மீற்றரில் 60 காட்டும்போது உண்மையில் நீங்கள் 64இல் போகிறீர்கள். இது இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் கேட்கும் குறை அல்ல, நல்ல பிரேக் பாட், ஷூ போட்டு, ஷூவைச் சரியாக நெருக்கிவிட்டால் சமாளிக்கும். பெடல் கல்லுப்போல இறுகி வண்டி நிற்காவிட்டால் மட்டும் வேறு கதை: இந்த டீசல் எஞ்சினில், பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்கான வக்யூம் பம்ப் ஒல்ட்டனேட்டரின் பின்னால் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் போதவில்லையென்றால் டிஸ்க் பற்றிப் பேசலாம். ஆனால் வால்வையும் ஹோஸையும் சரிசெய்வது உயர்த்தும் வேலையின் ஒரு பகுதி. அதைச் செய்யாமல் விட்டவரிடமே இன்னொரு பெரிய வேலையைக் கொடுப்பானேன்? போய்க் கேளுங்கள், பில்லையும் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும். தொலைபேசி 1977. வண்டியை உயர்த்தியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதி அறிவித்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே.

கேள்வி: என் சுசுகி ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தினேன். கந்தளாய் வீதியில் 70 தொடும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி ஆடுகிறது. ஸ்டியரிங் டாம்பர் வாங்கச் சொல்கிறார்கள்.
– உப்புவெளி வாசகர்

பதில்: டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், நிறுத்தாது. ஜிம்னியின் முன் அச்சை இரண்டு நீளக் கைகள் பிடித்திருக்கின்றன. வண்டி உயர, அந்தக் கைகள் அச்சை முன்னுக்கு உருட்டிவிடுகின்றன. அதனால் காஸ்டர் கோணம், அதாவது சில்லு திரும்பும் மூட்டின் பின்சாய்வு, குறைந்து, ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணத்தை இழக்கிறது. அதைத் திருத்தவென்றே துளை தள்ளிப் போட்ட புஷ் விற்கிறார்கள். அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியும் அதை ஒரு பக்கம் இழுத்திருக்கும், நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டால் சரியாகும்.

புஷ் வாங்கமுன் டயர் பலன்ஸ், முன் சில்லு திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பெயாரிங், பழைய புஷ்கள் மூன்றையும் பாருங்கள். தேய்ந்த கிங்பின்னோடு எந்தக் கோணமும் நிற்காது. அலைன்மென்ற் செய்யும் இடத்தில் காஸ்டர் எண்ணை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 'சரியாக இருக்கு' என்று வாயால் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிரேக் ஒயிலில் டொட் 5 தான் மேல் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: எண் பெரிதென்பதால் மேல் ஆகிவிடாது. டொட் 5 சிலிக்கோன், உங்கள் வண்டியில் இருக்கும் டொட் 3, டொட் 4 உடன் கலக்கக்கூடாது. டொட் 5.1 வேறு சரக்கு, பெயரில் குழம்பாதீர்கள். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கிவிடும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சின்னப் போத்தலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். கராஜில் மூடி திறந்து கிடக்கும் பெரிய கானிலிருந்து ஊற்ற விடாதீர்கள்.