விண்ரருக்குக் கார் மூடுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஸ்காபரோ வாசகர்: அக்கா, என்னிடம் 1972 எம்ஜிபி திறந்த கார் ஒன்று இருக்கிறது. அப்பா யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருந்தவர், அந்த ஆசையில் வாங்கியது. கராஜ் இல்லை, வாசலில்தான் நிற்கும். 45 டொலருக்கு நீர் புகாத பிளாஸ்ரிக் கவர் கண்டேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இதைச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் இந்தக் கேள்வி வந்துகொண்டுதான் இருக்கிறது.

பழைய காருக்கு எமன் குளிர் இல்லை, ஈரம். வெறும் குளிரில் இரும்பு துருப்பிடிக்காது. ஈரம் பட்டால்தான் தின்னத் தொடங்கும், ரோட்டு உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். பிளாஸ்ரிக் கவர் மேலிருந்து விழும் தண்ணீரைத் தடுக்கும், உண்மைதான். நிலத்திலிருந்து எழும் ஆவி எங்கே போகும்? கவரின் உட்பக்கத்தில் துளித்துளியாகப் பிடித்து, காரின் மேலேயே சொட்டும். இரவில் உறையும், வெயில் பட்டால் உருகும். ஏப்ரலில் திறந்தால் கூரைத் துணியில் பூஞ்சணம், பெயின்ரில் கொப்புளம். போதாததற்குக் காற்று அடிக்க அடிக்க அந்தப் பிளாஸ்ரிக் பெயின்ரை உரசிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு என்று விற்பதே காரைப் பழுதாக்குகிறது. எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான். நானும் முன்பு இப்படியொன்று வாங்கினேன். பெட்டியில் 'எல்லாக் காலநிலைக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜனவரியில் தையல் விட்டு, பாதி பக்கத்து வீட்டு வேலியில் தொங்கியது.

ஆவி வெளியேறும் துணிக் கவர், அதுவும் எம்ஜிபியின் அளவுக்கே வெட்டியது, இதைவிடப் பல மடங்கு விலை. அவ்வளவு கொடுக்க மனமில்லையென்றால் அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, யாருடைய கராஜிலாவது ஒரு மூலையை ஏப்ரல் வரை வாடகைக்குக் கேளுங்கள். மூட முதல் காரின் அடிப்பக்கத்தைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கூரையை மேலே இழுத்துப் பூட்டிய நிலையிலேயே விடுங்கள். மடித்து வைத்தால் பின்பக்கப் பிளாஸ்ரிக் கண்ணாடியில் விழும் மடிப்பு பிறகு போகாது. குளிரில் விரித்தால் வெடித்தே போகும். ஹான்ட்பிரேக் இழுத்து விடாதீர்கள், பின் பிரேக் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

மார்க்கம் வாசகி: ஒவ்வொரு ஞாயிறும் ஸ்ராட் பண்ணி 10 நிமிடம் ஓடவிடுகிறோம். நல்லதுதானே?

பதில்: இல்லை. எரியும் பெற்றோலிலிருந்து தண்ணீரும் வரும். 10 நிமிடச் சூட்டில் அது வெளியேறாது, சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தங்கும். முழுச் சூடு ஏறும்வரை ரோட்டில் ஓடுங்கள், முடியாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

பிரம்ரன் வாசகர்: பற்றரிக்கு 20 டொலர் சார்ஜர் போதுமா, 80 டொலருக்குத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: விலையைப் பார்க்க வேண்டாம். பற்றரி நிரம்பியதும் தானாகக் குறைத்து, தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத மலிவுச் சார்ஜர் ஒன்றுக்கு நான் ஒரு நல்ல பற்றரியைப் பலி கொடுத்தேன். உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் கொதித்து வற்றிவிட்டது. சார்ஜ் இறங்கிய பற்றரி சைபருக்குக் கீழே சில பாகையிலேயே உறைந்து வெடிக்கும். நிரம்பியது ஒன்ராறியோக் குளிருக்கு அசையாது.

ஒஷாவா வாசகர்: என் கன்வேர்ட்டிபிளை, அதுதான் கூரை மடிக்கும் திறந்த காரை, விண்ரருக்குத் தயார் செய்ய ஒரு கராஜில் விட்டேன். 600 டொலர் என்று எழுதித் தந்தார்கள். இப்போது 940 கேட்கிறார்கள், கட்டும்வரை சாவி இல்லையாம். எனக்கு 71 வயது, ஆங்கிலத்தில் வாதாட வராது.

பதில்: ஐயா, நீங்கள் வாதாடத் தேவையில்லை, சட்டம் ஏற்கெனவே வாதாடி முடித்துவிட்டது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எழுதித் தந்த மதிப்பீட்டுக்கு மேல் 10 வீதம்தான் கூட்டலாம். அதாவது 660. கூடுதல் வேலைக்கு நீங்கள் சம்மதித்ததாக அவர்கள் சொன்னால் அந்தச் சம்மதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்டிருந்தாலும் முறைப்படி பதிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளின் பிரதியோடு இரண்டே வரிக் கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள், ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் காரைப் பிடித்து வைத்தால், கேட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வழக்கைத் தொடர வழி இருக்கிறது. மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் முறைப்பாடு செய்யுங்கள். பயப்பட வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று. திருத்த வேலைக்குச் சட்டம் தரும் உத்தரவாதம் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது. நவம்பரில் பிரேக் செய்து காரை மூடினால் அந்த 90 நாளும் கவருக்குள்ளேயே கழிந்துவிடும். பெரிய வேலையைச் செப்ரம்பரில் முடித்து ஓடிப் பாருங்கள்.

மிசிசாகா வாசகர்: நவம்பரில் ஒரு தனியாரிடம் 9,000 டொலர் காசு கொடுத்து 1979 கன்வேர்ட்டிபிள் வாங்கினேன். குளிர் என்று கூரையைத் திறந்து காட்டவில்லை. காரின் மேல் கடன் இருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: 9,000 டொலரை எண்ணிக் கொடுத்த பிறகா பயம்? இந்த மாகாணத்தில் தனியாராக விற்பவர் பழைய வாகனத் தகவல் பொதியைத் தரவேண்டும். விலை 20 டொலர். கடன் இருந்தால் அதில் தெரியும். அது இல்லாமல் உரிமை மாற்றவும் முடியாது, பிறகு எதை நம்பிக் காசு கொடுத்தீர்கள்? நாளைக்கே மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய் நீங்களே எடுங்கள். கூரையைப் பற்றி அவர் சொன்னது மட்டும் சரி. அதனால்தான் திறந்த காரை நவம்பரில் தெருவோரத்தில் நின்று வாங்கக்கூடாது.

ஏஜாக்ஸ் வாசகி: எலிக்கு அந்துருண்டை போடலாமா?

பதில்: போட்டால் அந்த மணத்தோடுதான் அடுத்த கோடை முழுக்க ஓடுவீர்கள். சைலன்சர் வாயிலும் காற்று இழுக்கும் குழாயிலும் இரும்புக் கம்பளி (ஸ்ரீல் வூல்) அடையுங்கள். அடைத்ததை எழுதி ஸ்ரியறிங்கில் ஒட்டுங்கள்.

பிக்கரிங் வாசகர்: பெற்றோல் ராங்கை நிரப்பவா, வெறுமையாக்கவா?

பதில்: நிரப்புங்கள். ராங்கில் வெற்றிடம் இருந்தால் அங்கே ஈரம் சேரும், நம் பெற்றோலில் கலந்திருக்கும் எதனோல் அதை உறிஞ்சும். கெடாமல் வைக்கும் திரவத்தை ஊற்றி, அது கார்பரேற்றர் வரை போக ஒரு சுற்று ஓடிவிட்டு மூடுங்கள்.

ஸ்காபரோ வாசகி: ஐந்து மாதம் ஓடாத காருக்கு ஏன் இன்சூரன்ஸ்? நிறுத்திவிடலாமா?

பதில்: முழுதாக நிறுத்த வேண்டாம், களவும் நெருப்பும் விண்ரரிலும் வரும். ஓபிசிஎஃப் 16 படிவத்தைத் தரகரிடம் கேளுங்கள். ரோட்டில் ஓடுவதற்கான பகுதி மட்டும் நிற்கும், நிறுத்தி வைத்த காருக்கான காப்பு தொடரும். கடனில் எடுத்த காரென்றால் கடன் கொடுத்தவரிடமும் கேட்க வேண்டும். மார்ச்சில் ஒரு வெயில் நாள் கண்டதும் சாவியைத் தூக்காதீர்கள். தெருமுனைவரை போவதென்றாலும், முதலில் தரகரை அழைத்து, நிறுத்திய காப்பைத் திரும்பத் தொடக்கும் 17ஆம் படிவத்தைப் போடச் சொல்லுங்கள்.