ராஜா பொம்மை அலமாரிக்கு அடியில்

கேள்வி: எங்களுக்கு விவாகரத்து ஆகி நான்கு மாதம். ஆறு வயது மகன் என்னோடு இருக்கிறான், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அப்பாவிடம் போய் வருவான். அப்பா ஏன் இங்கே இல்லை என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கொலுவுக்கு வாங்கிய மரப்பாச்சி ஜோடியில் ராஜாவை எடுத்து, ‘அப்பா’ என்று சொல்லி அலமாரிக்கு அடியில் தள்ளுகிறான், எடுக்கிறான், மறுபடி தள்ளுகிறான். பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. தடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தடுக்காதீர்கள். "அப்பாவை ஏன் கண்ணா அங்கே போட்டே?" என்றும் கேட்காதீர்கள், கேட்டால் விளையாட்டு அதோடு நின்றுவிடும். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் விளையாட்டுச் சிகிச்சை பற்றி 1947-இல் எழுதிய புத்தகத்தில் சொல்வதும் இதைத்தான்: குழந்தை முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும். கேட்கச் சுலபம், நமக்குத்தான் வாய் சும்மா இருக்காது!

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், அதே பாய், ஃபோன் வேறு அறையில். இரண்டு அட்டைப்பெட்டியை இரண்டு வீடாக வையுங்கள், மரப்பாச்சி, செப்புச் சாமான், களிமண் போதும், கடையில் ஆயிரக்கணக்கில் விற்கிற செட்டெல்லாம் தண்டம். அவன் செய்வதைக் கண்ணால் பார்த்தபடி மட்டும் சொல்லுங்கள்: "அப்பா உள்ளே போயிட்டார்... வெளியே வந்துட்டார்." பொம்மை சுவரில் பறந்தால் பறக்கட்டும். உங்கள் மேல் பறந்தால், "அம்மாவை அடிக்கக் கூடாது, தலையணையை அடிக்கலாம்."

இந்த வயதில் பல குழந்தைகள், தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டில் அது எட்டிப் பார்த்தால் அங்கேயே பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம் ராத்திரி படுக்கும்போது, "இது பெரியவங்க விஷயம், நீ பண்ணின எதுவும் காரணம் இல்லை" என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் பத்தாது.

பொம்மையை வைத்து ஞாயிற்றுக்கிழமைச் செய்தி சேகரிக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. ‘அங்கே யார் வந்தாங்க’ என்று ஒரு முறை கேட்டால் போதும், பையன் உஷாராகிவிடுவான்.

படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோயிருந்து திரும்ப வந்து, தூக்கமும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். தன்னைத்தானே அடித்துக்கொண்டால் காத்திருக்கவே வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சரி, இன்னொன்று. வீடு கூட்டும்போது அலமாரிக்கு அடியிலிருந்து ராஜாவை எடுத்துக் கொலுப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அவன் வந்து எடுக்கட்டும்.