கேள்வி – பதில்: பென்சிலால் எழுதிய 7/30

கேள்வி: ஜேர்மனியிலிருந்து வந்திருந்த பெரியம்மாவின் மகன், கண்ணாடிச் சட்டமிட்ட மரச்செதுக்குப் படமொன்றைத் தந்துவிட்டுப் போனார். கறுப்புத் திட்டுகளும் வெள்ளைக் கீறல்களும் தவிர உருவமென்று எதுவும் இல்லை. கீழே பென்சிலால் 7/30 என்றிருப்பதை யூலை 30ஆம் திகதி என்று எண்ணினோம். இது வெறும் பிரதிதானா? எந்தப் பக்கம் மேலே வரவேண்டும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: அது திகதி அல்ல. செதுக்கிய பலகையிலிருந்து 30 தாள்கள் எடுக்கப்பட்டு, அவற்றுள் 7 என்று இலக்கமிடப்பட்ட தாள் உங்களிடம் வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இதற்கு முந்திய ஓவியம் என்று வேறெதுவும் இருக்க வேண்டியதில்லை. கலைஞர் பலகையிலேயே செதுக்கி, மை பூசி, தாளை வைத்து அழுத்தி எடுத்திருந்தால் அந்த முப்பதும் மூலப் படைப்புகளே. கையொப்பம் வழக்கமாக வலப்பக்க அடியில் இடப்படும் என்பதால், எழுத்து நேராகத் தெரியும்படி மாட்டினால் போதும்.

உருவம் இல்லையே என்ற உங்கள் மனக்குறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கரையில் கவிழ்த்துக் கிடக்கும் பழைய தோணியின் பலகையில், மென்மையான பாகம் உப்புநீரில் தேய்ந்துபோக, வன்மையான வரிகள் மட்டும் புடைத்து நிற்பதைத் திருகோணமலையில் காணாதவர் இருக்க முடியாது. அப்படிப்பட்ட பலகையில் மை பூசித் தாளை அழுத்தினால், யாரும் வரையாமலே அந்த வரிகள் தாளில் பதியும். நோர்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க், 1902இல் அச்சிட்ட 'முத்தம்' என்ற படத்தில், ஒன்றாகக் கலந்து நிற்கும் இருவரின் பின்னணி முழுவதையும் மரத்தின் வரிகளிடமே விட்டுவிட்டார். ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி 1913இல் மியூனிக்கில் வெளியிட்ட கவிதை நூலுக்காகச் செய்த 56 மரச்செதுக்குகளில், குதிரையும் வீரனும் சிலவற்றில் தெளிவாகத் தெரிய, வேறு சிலவற்றில் கோடுகளாகக் கரைந்துபோகின்றனர். உருவத்தைக் கைவிட்டால் வேலை குறையும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க ஓவியர் ஹெலன் பிராங்கன்தாலரின் 'மடாம் பட்டர்பிளை' நல்ல பதில்: 2000ஆம் ஆண்டின் அந்த அருவப் படத்துக்கு 46 பலகைகளும் 102 நிறங்களும் தேவைப்பட்டன. ஆனாலும், கறுப்பு ஒன்றையே நம்பும் படங்கள்தாம் எனக்கு அதிகம் பிடிக்கும்.

மாலையில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அந்தக் கறுப்புத் திட்டுகளைப் பாருங்கள். மரவரிகள் மெல்லிய வெண்கோடுகளாகத் தெரியலாம். வெள்ளைக் கீறல்களின் முனை எங்கே கூராக முடிகிறது, எங்கே அகன்று நிற்கிறது என்பதைக் கவனித்தால், உளி எப்படிப் போயிருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

வாடைக்கால ஈரத்தில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்பக்கச் சுவரையும் நேர் வெயிலையும் தவிர்த்து மாட்டுங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், இடையில் அமிலமற்ற மட்டையாலான விளிம்பு வைத்துச் சட்டத்தை மாற்றுவது நல்லது. அப்போது கடைக்காரர் ஓரத்தை வெட்டிச் சீராக்க முன்வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். பென்சில் எழுத்து இருப்பது அந்த ஓரத்தில்தான்.